உப்புப் போட்ட மழைச்சோறு

அழுவதற்கென்று ஊர் ஓர் ஆளை நேர்ந்துவிட்டிருக்கிறது என்றால் அது அம்மாக்கண்ணுதான். செட்டிகுளத்திலிருந்து கிழக்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் அவளைத் தேடித்தான் வரும். குரல் அப்படி. ஒப்பாரியில் ரெண்டு அடி எடுத்துவிட்டால், செத்தவனோடு பத்து வருஷம் பேசாமல் இருந்த பங்காளிகூட மூக்கைச் சிந்துவான். காரியம் முடிந்ததும் அவள் சாப்பிட்டாளா என்று ஒரு நாதியும் கேட்காது. "நான் செத்தா எவடி அழுவா? ரேடியோ செட்டுதான் போடணும்" என்று அவளே சொல்லிச் சலித்துக்கொள்வாள்.

சாவுக்கு மட்டும் என்றால்கூடப் போகட்டும். மழை வராவிட்டாலும் அவள்தான் அழ வேண்டும். வானம் ஒரேயடியாகக் காய்ந்தால் அந்தப் பக்கத்து ஊர்களில் பெண்கள் மழைச்சோறு எடுப்பார்கள். வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு கரண்டி சோறு வாங்கி, கோயிலடியில் ஒரே அண்டாவில் கொட்டிக் கலந்து, ஒப்பாரி வைத்துவிட்டு அதை உப்பில்லாமல் தின்பார்கள். பிறகு, இனி இந்த ஊரில் பிழைக்க முடியாது என்று சொல்லிக் கூட்டமாக எல்லையைத் தாண்டப் போவார்கள். ஆண்கள் ஓடிவந்து, மழை வரும், திரும்பி வாங்க என்று கெஞ்சிக் கூட்டிவர வேண்டும். இத்தனையும் பார்த்து மேலே இருக்கிறவனுக்கு மனசு இளக வேண்டும். ஒரு வீட்டுச் சோறு குறைந்தாலும், ஒரு கல் உப்பு விழுந்தாலும் பலிக்காது என்பது நம்பிக்கை.

இந்தப் புரட்டாசியில் கோயில் காரியம் பார்க்கும் கண்ணையன் இதைச் சொல்ல வயலுக்கே வந்துவிட்டார். அம்மாக்கண்ணு அப்போது பிடுங்கிப் போட்ட சின்ன வெங்காயத்துக்கு நடுவில் குந்தியிருந்தாள்.

"வர்ற வெள்ளிக்கெழம மழைச்சோறு எடுக்கறதுன்னு முடிவாயிருச்சு ஆத்தா. நீதான் முன்ன நிக்கணும்."

"எதுக்கு மாமா, என் வெங்காயத்துக்குக் கொள்ளி வெக்கவா?"

கண்ணையனுக்கு அப்போதுதான் காலடியில் கிடப்பது கண்ணில் பட்டது. தாளோடு பிடுங்கிய வெங்காயம், வரிசை வரிசையாக வெயிலில் கிடந்தது. இது விற்கிற காய் இல்லை. அடுத்த நடவுக்கு விதை. தாள் சுருண்டு காயின் கழுத்து காய்கிற வரைக்கும் வெயில் பட வேண்டும். அதற்குமுன் பட்டறையில், அதாவது காற்றுப் போக மூங்கில் படல் வைத்துக் கட்டிய கொட்டகையில், ஏற்றினால் உள்ளேயே வெந்துபோகும். ஒரு மழை நனைந்தால் அழுகும். தார்ப்பாய் போட்டு மூடினாலோ வேர்த்து அழுகும். எப்படியும் அழுகுவதென்ற முடிவோடு பிறந்த பயிர் அது.

"ஒரு நாலு நாளு தள்ளி வைங்க மாமா. செவ்வாக்கெழம இத ஏத்திட்டு வந்து, தொண்ட கிழிய அழுவுறேன்."

"அதுக்குள்ள மக்காச்சோளம் கருகிரும். ஊருக்கே மழ வேணும்ங்கறப்ப நீ ஒருத்தி வேணாங்கலாமா?"

"ஊருன்னா யாரு மாமா? நான் ஊருல சேத்தி இல்லியா?"

கண்ணையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெள்ளிக்கெழம" என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாக்கண்ணு எரிந்து விழுகிறாள் என்று ஊர் சொல்லும். எரிந்து விழாமல் என்ன செய்வாள்? குரும்பலூரில் பிறந்து, வாக்கப்பட்டு இங்கே வந்தபோது ஊர் முழுக்கப் பருத்தி. காய் வெடித்து வெள்ளை வெளேரென்று நிற்கிற நேரமாகப் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. கறுத்த பஞ்சை யாரும் தொடவில்லை. சரி, மக்காச்சோளம் என்றார்கள். அவளும் மாறினாள். படைப்புழு வந்து குருத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தின்றது. மருந்தடித்து அடித்துக் கைதான் வெந்தது. பிறகு கிணறு இருக்கிற துண்டு நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து வெங்காயம் போட்டாள். வைகாசியில் நட்டால் வைகாசி வெயிலில் மண் அடுப்பு மாதிரி கொதித்தது. கிழங்கை நட்டேனா, அவித்தேனா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் நடவை ஆடிக்குத் தள்ளினாள். புரட்டாசியில் பிடுங்க வருமே, மழைக்காலமாயிற்றே என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். "புரட்டாசியில எவன் கண்டான் மழைய?" என்று கேட்டாள். போன வருஷம் அவள் கணக்கு பலித்தது. இந்த வருஷமும் பலித்துக்கொண்டுதான் இருந்தது, ஊர் கூடி அதைக் கெடுக்கக் கிளம்புகிற வரைக்கும்.

அவள் மட்டுமா மாறினாள்? அவள் புருஷன் ராசாங்கம் கூலிக்குப் போவதை விட்டு ஆடு வாங்கினான். ஜெகதாம்பாள் வீட்டில் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டுச் செங்கல் அறுக்கிறார்கள். நர்மதா வீட்டில் சீக்கிரம் வருகிற உளுந்து. ராசாங்கத்தின் தங்கை அனுசுயா, உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள், ஊரில் பலரைப் போலவே கரிசல் காட்டில் மானாவாரியாக இன்னமும் மக்காச்சோளம்தான் போடுகிறாள். அவளுக்குக் கிணறும் கிடையாது, வேறு வழியும் கிடையாது. மழை ஏமாற்ற ஏமாற்ற ஒவ்வொரு வீடும் தனக்குத் தோன்றிய பக்கம் ஒதுங்கிக்கொண்டது. முன்பெல்லாம் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் விதைத்தார்கள், ஒரே சமயத்தில் கெட்டார்கள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மழை வேண்டும் என்று சொன்னால் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. இப்போது ஒருத்திக்கு மழை வேண்டிய நாளில் இன்னொருத்திக்கு வெயில் வேண்டும். தப்பிக்கத் தெரிந்துகொண்டதில் வந்த வினை இது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நியாயம் கிடைக்கவில்லை. ராசாங்கம் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டே, "மழைச்சோறு எடுத்தா என்ன தப்பு? ஆடு மண்ணையா திங்கும்? மேய ஒரு புல்லு இல்ல" என்றான்.

"அப்ப என் வெங்காயம்?"

"ஒன் வெங்காயத்தப் பாத்தா என் ஆடு சாவும்."

"என்னய ஏன்யா கட்டுன? ஒரு ஆட்டக் கட்டியிருக்கலாம்ல?"

அவன் போனை எடுத்து, தினமும் வருகிற மழைச் செய்தியைப் போட்டுவிட்டான். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழைக்கு வாய்ப்பு என்றது ஒரு குரல். அம்மாக்கண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெனம் இதத்தான் சொல்றான். அந்த ஓரிரு இடம் எதுன்னு சொல்லித் தொலைஞ்சா என்ன? எந்த ஊரு, எந்தத் தெரு? என் வயலா, ஒன் தங்கச்சி காடா?"

அந்தத் தங்கச்சியே அப்போது வாசலில் வந்து நின்றாள். அனுசுயாவுக்கு முகம் வாடிக் கிடந்தது. முழங்கால் உயரம் வந்த சோளம் மத்தியானத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு நேராக வருகிறாள்.

"அழ வர மாட்டேன்னு சொன்னீங்களாமே அண்ணி?"

"செவ்வாக்கெழம வரேன்னு சொன்னேன்."

"செவ்வாக்கெழமைக்கு எங்காட்டுல என்ன இருக்கும்? எழவுக்குத்தான் வரணும் நீங்க."

"எனக்கும் அதுதானடி. இருக்கற வெத போச்சுன்னா அடுத்த நடவுக்கு எவ குடுப்பா? குத்தகையக் குடுத்துட்டுத் தெருவுல நிக்கவா?"

"ஊரே வவுத்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டு நிக்குது, ஒங்களுக்கு ஒங்க வெதைதான் பெரிசு. சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிறீங்க?"

ரோஷம் இருக்கிறதா என்று கேட்பதற்கு எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு அது அம்மாக்கண்ணுவின் மண்டைக்குள் போய் வேறு மாதிரி உட்கார்ந்துகொண்டது. அனுசுயா போன பிறகும் உப்புச் சாடியையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சோற்றை வடித்தாள். ராசாங்கம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்வரை காத்திருந்து, ஒரு கைப்பிடிக் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினாள். சாமி காரியத்தில் கள்ளத்தனம் பண்ணியதில்லை அவள். ஆனால் என்ன செய்வது? வர மாட்டேன் என்றால் ஊர் ஏசும். வந்து ஒழுங்காக அழுதால் விதை போகும். அழுகிறேன், சோறும் போடுகிறேன், பலிக்காமல் போனால் நானா பொறுப்பு? சாமிக்குக் கண் இருந்தால் நாலு நாள் கழித்துப் பெய்யட்டும். இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டு அந்தச் சோற்றை அப்படியே வாளியில் கொட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வீடு வீடாகச் சோறு சேர்ந்தது. எல்லாம் கோயிலடி வேப்பமரத்துக்குக் கீழே அண்டாவில் விழுந்தது. ஜெகதாம்பாள்தான் துடுப்புப் போட்டுக் கலந்தாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டார்கள். அம்மாக்கண்ணு ஆரம்பித்தாள்.

"கருத்து வந்த மேகமே, காரணம் சொல்லிப் போ, காட்டத்தான் பாத்தியே, என் வூட்டப் பாத்தியா..."

அழுகிற மாதிரி பாடிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். தொண்டை அவள் பேச்சைக் கேட்கவில்லை. வெந்துபோன கிழங்கு, புழு தின்ற குருத்து, கறுத்த பஞ்சு எல்லாம் சேர்ந்துகொண்டு கண்ணில் கொட்டியது. மழையை அவள் கூப்பிட்டதுபோலத் தெரியவில்லை. வைதாள். "கூப்பிட்டா வாறதில்ல, கூப்பிடாம கொட்டறியே" என்று அவள் இழுத்தபோது மாரில் அடித்துக்கொண்டு அழாத பெண்ணே அங்கு இல்லை.

அழுது ஓய்ந்ததும் இலை போட்டார்கள். முதல் கவளம் அனுசுயாதான் எடுத்தாள். வாயில் வைத்ததும் துப்பினாள்.

"என்னடி இது, உப்பு!"

ஆளாளுக்கு எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார்கள். சாதாரண உப்பில்லை. நாக்கு மரத்துப்போகிற கரிப்பு. அனுசுயாவுக்கு முகம் சிவந்தது. எழுந்து நின்று மண்ணை வாரினாள்.

"எந்த முண்ட போட்டாளோ, அவ குடி வெளங்குமா? அவ அடுப்புல பூனை தூங்க! அவ காடு..."

"நிறுத்துடி. நான்தான் போட்டேன்" என்றாள் அம்மாக்கண்ணு. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணமெல்லாம் இல்லை. சொந்த நாத்தனார் வாயால் தன் காடு கருகிப்போகச் சாபம் வாங்குகிறது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் சொன்ன மறு நிமிஷமே அவளுக்கு வேறொன்று உறைத்தது. "ஆனா நான் போட்டது ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடி இம்மாம் பெரிய அண்டாவ இப்படிக் கரிக்க வெக்குமா? மிச்ச உப்பு யாரோடது?"

நர்மதா கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடுப்பைப் பிடித்திருந்த ஜெகதாம்பாள் அதை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பிடுங்குன உளுந்து களத்துல கெடக்குது" என்றாள் நர்மதா, தலையைத் தூக்காமல். "நனைஞ்சா மொளச்சுரும்."

"சுடாத பச்சக்கல்லு அறுத்துப் போட்டுருக்கோம்" என்றாள் ஜெகதாம்பாள். "மழ பட்டா கரைஞ்சு மண்ணாப் போவும்."

பின்னால் இருந்து இன்னொருத்தி, ஓடு மாற்றுவதற்காக வீட்டுக்கூரையைப் பிரித்துப் போட்டிருப்பதாகச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் பாவி என்று நினைத்துக்கொண்டு உப்பை அள்ளியிருக்கிறாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். யாருக்கும் வரவில்லை.

"அப்ப மழ யாருக்குடி வேணும்?" என்று கத்தினாள் அனுசுயா. சோளம் போட்டவர்கள் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அவர்கள்தான் நிறையப் பேர். சரி, எந்த நாள் பெய்தால் யாருக்கும் கேடு இல்லை என்று பேசிப் பார்த்தார்கள். சோளத்துக்கு நாளைக்கே வேண்டும். வெங்காயத்துக்குச் செவ்வாய்க்குமேல். செங்கல்லுக்குச் சூளை வைத்த பிறகு. உளுந்தை அடித்து எடுக்க ரெண்டு நல்ல வெயில். கூரைக்குக் கொத்தனார் வருகிற நாள், அது கொத்தனாருக்கே தெரியாது. வருணனே இறங்கி வந்து உட்கார்ந்து கேட்டிருந்தாலும் தலையைப் பிய்த்துக்கொண்டு ஓடியிருப்பான்.

அனுசுயா சற்று நேரம் அழுதாள். சத்தம் போடாமல் அழுதாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எந்திரிங்க எல்லாரும். அண்ணி வெங்காயத்த அள்ளி அவங்கவங்க வூட்டுக்குள்ள பரப்பலாம், நெழலுக் காத்துல காயட்டும். உளுந்தக் கோயில் மண்டபத்துல போடலாம். கல்ல எதையாவது போட்டு மூடலாம். அந்தக் கூரைக்கு என் வூட்டு தார்ப்பாய எடுத்துக்கட்டும். ஆனா நாளைக்கு உப்பில்லாம சோறு வரணும். போட்டவளுக்கு நானே கொள்ளி வெப்பேன்."

யாருக்கு மழை உயிர்போகிற அவசரமோ, அவள்தான் முதல் கூடை வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அம்மாக்கண்ணு, "தாளப் புடிச்சுத் தூக்காதடி, நசுங்காமப் போடு" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனாள். நன்றியை வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் ஊரில் நடக்க இடமில்லாமல் வீட்டுக்கு வீடு வெங்காயம். கண்ணையன் கட்டிலுக்கு அடியில்கூட ஒரு பரப்பு. அந்த நாற்றத்தில் இதெல்லாம் ஒரு பொழப்பா என்று அவர் அலுத்துக்கொண்டார்.

மறுநாள் சோறு உப்பில்லாமல் வந்தது. அம்மாக்கண்ணு முதல் நாளைவிட அழுதாள். எல்லைவரை போனார்கள், ஆண்கள் கெஞ்சினார்கள், திரும்பி வந்தார்கள். மேற்கே பச்சைமலைப் பக்கம் மேகம் திரண்டு, ஊருக்கு மேலே வந்து, நின்று பார்த்துவிட்டுப் போனது. அந்த ஓரிரு இடம் அரியலூர்ப் பக்கம் ஏதோ ஒரு முந்திரிக்காடாம். இங்கே ஒரு சொட்டு இல்லை. செவ்வாய் வந்தது, அடுத்த செவ்வாயும் வந்தது. வெங்காயம் முத்து முத்தாகக் காய்ந்தது. அனுசுயாவின் சோளம் கதிர் பிடிக்காமலே வெளுத்து நின்றது.

வெள்ளிக்கிழமையே ஒழுங்காக எடுத்திருந்தால் பெய்திருக்கும் என்று ஊரில் முணுமுணுத்தார்கள். உப்புக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று அம்மாக்கண்ணுக்குத் தெரியாது. இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டால் நிம்மதி. அப்படிச் சொன்னால் அழுததெல்லாம் எதற்கு என்று கேள்வி வருகிறது. உண்டு என்றால் தன் கையைப் பார்க்கவே கூசுகிறது. நாசமாய்ப் போன வானம் ஒரு தடவையாவது நேரத்துக்கு வந்து தொலைத்திருந்தால் இந்த விசாரணையே வேண்டியதில்லை.

அனுசுயா கருகிய சோளத்தட்டையை அறுத்து அண்ணன் ஆட்டுக்கே போடச் சொல்லிவிட்டாள். மழை பெய்து புல் முளைத்தால் எப்படித் தின்னுமோ அப்படித் தின்றன ஆடுகள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மாக்கண்ணு பட்டறையைத் திறந்து, நல்ல காயாகப் பொறுக்கி ஒரு கூடை நிறைய எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

அனுசுயா கூடையைப் பார்த்தாள். "எனக்கு எதுக்கு அண்ணி வெத? கெணறு இல்ல, ஒண்ணுமில்ல. பாவம் பாத்துக் குடுக்கறதா இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க."

"பாவமும் இல்ல, பரிகாரமும் இல்ல. என் குத்தகைக் காட்டுல பாதியில நீ நடு. தண்ணி எனக்கே பத்தல. பத்தாத தண்ணிய ரெண்டு பேரா எறைப்பம். கெட்டாலும் ரெண்டு பேருக்கும் ஒண்ணாக் கெடட்டும். மழ வேணும்னா ஒரே நாள்ல கேப்பம், வேணாம்னா ஒரே நாள்ல வேணாம்பம். ஒன்ன வெச்சுக்கிட்டு இனி என்னால உப்பள்ள முடியாது."

அனுசுயா குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, கழுத்து காய்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். கூடையை இழுத்து வீட்டுக்குள் வைத்தாள்.

"ஐப்பசியில நடுறதா, கார்த்திகையிலயா?" என்று கேட்டாள்.

"அது எவனுக்குடி தெரியும்?" என்றாள் அம்மாக்கண்ணு.